மதுரையில் ஒரு சனி ஞாயிறு: சைக்கிள், வெளிச்சாப்பாடு, சில்லறை வேலை – இருவருக்கான முழுமையான வழிகாட்டி

சனி, ஞாயிறு வந்தால் எங்கள் வீட்டில் மூன்று பஞ்சாயத்து. என் வீட்டுக்காரருக்கு எங்காவது சைக்கிள் மிதிக்க வேண்டும். எனக்கு ஒரு வேளையாவது அடுப்படிக்குள் போகாமல் வெளியே சாப்பிட வேண்டும். மூன்றாவது, வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட சில்லறை வேலைகள்: மிக்ஸி ஜார் ஒழுகும், தைக்கக் கொடுத்த ரவிக்கை கடையிலேயே கிடக்கும், மிளகாய் அரைக்க வேண்டியிருக்கும், புளி தீர்ந்திருக்கும். மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்த வரை இரண்டு நாளும் வாக்குவாதத்திலேயே கழிந்தன. ஒரே கயிற்றில் கோத்த பிறகுதான் நேரம் மிஞ்சியது.

கோப்பதற்கு நாங்கள் பிடித்துக்கொண்டது இரண்டே கணக்கு: வெயில், பாரம். தூரத்துப் பயணம் வெயிலுக்கு முன்னால், வெறும் கையோடு. வாங்குவதெல்லாம் திரும்பும் வழியில், அதிலும் கனமானது கடைசியில். சாப்பாடு இந்த இரண்டுக்கும் நடுவே, உட்கார இடம் தேடும் நேரத்தில். நாங்கள் இருப்பது எஸ்.எஸ். காலனிப் பக்கம் என்பதால் வழியெல்லாம் அங்கிருந்து சொல்கிறேன். அண்ணா நகரிலோ ஆனையூரிலோ இருப்பவர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

வெள்ளி இரவு: துண்டுச்சீட்டு

இரவு சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்காருங்கள். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வேலைகளை எழுதுங்கள். மொபைலில் எழுதினால் ஒருவர்தான் பார்ப்பார். தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால் இருவரும் பார்ப்போம், யார் எதைச் செய்யவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

எழுதும்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள். கடை எப்போது திறந்திருக்கும், பொருள் எவ்வளவு கனம். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் பேங்க் கிடையாது. இதைப் பார்க்காமல் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போய் பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பிய கதை எங்களுக்கே இரண்டு முறை உண்டு. கீழமாசி வீதியின் மொத்தப் பலசரக்குக் கடைகள் பலவும் ஞாயிறு மூடியிருக்கும். அதனால் மளிகை சனிக்கிழமைக்குப் போகிறது. உழவர் சந்தை காலைக்கு மட்டும்தான். பழுதுபார்க்கக் கொடுக்கும் பொருள் எதுவானாலும் முதலில் கொடுத்துவிட வேண்டும், நாம் ஊரைச் சுற்றி வருவதற்குள் வேலை முடியும். முடியும் என்று நம்புவோம்.

சீட்டில் ஆறு வேலைக்கு மேல் எழுதாதீர்கள். ஏழாவதை எழுதினால் ஜிகர்தண்டாவுக்கு நேரம் இருக்காது.

சைக்கிளைப் பார்த்துக்கொள்வது

அதே இரவு சைக்கிளையும் பார்த்துவிட வேண்டும். காலை ஐந்தரைக்குக் காற்று இல்லை என்று தெரிந்தால் அந்த வாரம் போச்சு.

அவருடையது பழைய கறுப்பு சைக்கிள், அவர் அப்பா ஓட்டியது. என்னுடையது கியர் வைத்தது. இரண்டுக்கும் வால்வு வேறு. பழைய சைக்கிளின் வால்வில் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் உட்காராது. கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். பழைய சைக்கிளில் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று முடிவுகட்டாதீர்கள். வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர், வால் டியூப் என்பார்கள், அது நைந்திருக்கும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கி வைத்தால் பல மாதம் வரும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். பாரம் ஏற்றும் பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. செயினில் எண்ணெய் விட்டால் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரமாக விட்டால் நம்மூர்ப் புழுதி அப்படியே அப்பிக்கொள்ளும். சீட் உயரத்துக்கு ஒரு எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் ஏறக்குறைய நேராக வந்தால் சரி. பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பையில் போட வேண்டியவை: கைப்பம்பு, இரண்டு டயர் லிவர், பஞ்சர் ஒட்டுச் சாமான், பழைய துணி ஒன்று, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நான்கு வாழைப்பழம், மடித்த துணிப்பைகள் மூன்று, சில்லறைக் காசு. இரண்டு சைக்கிளுக்கும் பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கு கட்டாயம். ஜனவரியில் இங்கே ஆறரைக்குத்தான் சூரியன் வரும். தேனி ரோட்டில் பஸ்காரருக்கு நாம் தெரிய வேண்டும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பேன்ட் காலுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

சனி காலை: கீழக்குயில்குடிக்கு

ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். காளவாசல் சிக்னல் அப்போது காலியாக இருக்கும். அதே இடத்தைக் காலை ஒன்பதுக்குப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அங்கிருந்து தேனி ரோட்டில் மேற்கே விராட்டிபத்து, அச்சம்பத்து தாண்டி நாகமலைப் புதுக்கோட்டை. வலப்பக்கம் நாகமலை ஒரு நீளமான முதுகு போலக் கூடவே வரும். நான்கு வழிச் சாலை குறுக்கிடும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், அங்கே கௌரவம் பார்க்க வேண்டாம். புதுக்கோட்டையில் இடது கைப் பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி சாலை. போகவர ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பைய மிதித்தால் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம்.

மெதுவாக மிதிப்பவர் முன்னால் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவர் முன்னால் போனால், போகும் வேகம் அவருக்கே தெரியாது. நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் நின்று காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது, நன்றாக இளைப்பாறிய அவர் "சரி, கிளம்பலாமா?" என்பார். எனக்கு ஓய்வே கிடையாது. நான் முன்னால் போக ஆரம்பித்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே களைப்பு, ஒரே பசி. பேச வேண்டும் என்றால் கீழக்குயில்குடி கிளைச் சாலையில் பேசுங்கள். தேனி ரோட்டில் இருவர் அக்கம்பக்கமாகப் போகவே கூடாது.

கிளைச் சாலையில் நாய்கள் உண்டு. வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதற்கு ஆர்வம் போய்விடும்.

சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், கருப்பசாமி. ஆலமரத்தடியில் சைக்கிள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டுங்கள். கோயிலுக்கு அருகிலிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன. முதலில் வருவது பேச்சிப்பள்ளம். ஒரு சுனையை ஒட்டிய பாறைச் சுவரில் சமண உருவங்கள் வரிசையாக எட்டு. மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரும், காலில் கொடி சுற்றிய பாகுபலியும் நிற்கிறார்கள். கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குரண்டி என்ற ஊரிலிருந்த சமணப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் செய்வித்தவை என்று அவற்றில் வருகிறது. காலைச் சூரியன் இந்தச் சுவரில் சாய்வாக விழும் நேரத்துக்குப் போனால் உருவங்களின் மூக்கு, விரல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் அதே பாறை தட்டையாகத் தெரியும், பாதமும் சுடும்.

மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு. குகையின் வெளியே பெரிய தீர்த்தங்கரர் ஒருவர், சமணர்களின் குரு. ஊர்க்காரர்கள் அவரை வெகுகாலம் செட்டியார் என்று நினைத்துவந்ததால் வந்த பெயர் அது. காது நீளமாக இருக்கிறது, வசதியானவர் போலிருக்கிறது என்பது ஊர்க் கணக்காக இருந்திருக்க வேண்டும். உள்ளே சிங்கத்தின் மேலிருந்து யானை வீரனோடு சண்டையிடும் இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுனையில் கை கால் கழுவ வேண்டாம்.

முள்: கொஞ்சம் விரிவாக

இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எதிரி மேடும் இல்லை, வெயிலும் இல்லை, சீமைக்கருவேல முள். சாலை ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து ஒரு முள் உதிர்ந்திருந்தால் போதும். எதிரே லாரி வந்தாலும் ஓரத்து மண்ணுக்கு இறங்கி ஓட்டாதீர்கள். அதற்கு நின்று வழிவிடுவது மேல்.

போன வருடம் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் என் பின் டயர் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துக் குளத்துத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினார். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். சொல்யூஷன் பளபளப்புப் போய்க் காயும் வரை, சில நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அவர் இருந்தார். ஒட்டை வைத்து அழுத்தினார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். டியூபை உள்ளே தள்ளி, டயரை ஏற்றி, காற்றடித்து, நான் ஏறி நூறு அடி போயிருப்பேன். திரும்ப உஸ்ஸென்றது.

தள்ளிக்கொண்டே புதுக்கோட்டை வந்தோம். பஞ்சர் கடை அண்ணன் டயரைக் கழற்றியதும் டியூபைப் பார்க்கவே இல்லை. டயரின் உட்பக்கத்தில் ஒரு துணியைச் சுருட்டி வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் நூல் சிக்கியது. வெளியே தெரியாமல் உள்ளே மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது முள்ளின் நுனி, ஒரு எள் அளவு. "முள்ள எடுக்காம ஓட்டைய ஒட்டுனா அது சும்மா இருக்குமாண்ணே?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் தண்ணீர் குடித்தார்.

ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் டயர் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது கட்டாயம். பையில் பழைய துணி என்று மேலே எழுதியது இதற்குத்தான். வெறும் விரலால் தடவினால் முள் கிடைக்கும், விரலில்.

காலைச் சாப்பாடும் சந்தையும்

கிளம்புவதற்கு முன் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் காபியும் போதும். வயிறு நிறைய இட்லி சாப்பிட்டு மிதித்தால் மலைப்படியில் தெரியும். திரும்பி வரும்போது, எட்டு மணிவாக்கில், புதுக்கோட்டையிலோ தேனி ரோட்டிலோ கூட்டம் நிற்கும் ஒரு சின்னக் கடையாகப் பார்த்து உட்காருங்கள். கடையைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் சட்னி வாளி. தேங்காய்ச் சட்னி, கார வெங்காயச் சட்னி, மல்லிச் சட்னி என்று மூன்றாவது இருக்க வேண்டும், கேட்காமலே திரும்ப ஊற்ற வேண்டும். மதுரையில் இட்லிக் கடையை இட்லிக்காக யாரும் தேடிப் போவதில்லை, சட்னிக்காகத்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ரோட்டோரத்தில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயிலேறினால் புளிக்கும்.

அப்புறம் பழங்காநத்தம் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே மதுரையில்தான் தொடங்கியது, 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில். வாசல் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். அதை ஒரு முறை படித்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசும் வேலை இல்லை. ஒன்பது மணிக்குக் கீரை வாடியிருக்கும், அதற்காக நாங்கள் மலையை விட்டுவிடுவதில்லை. கிழங்கு, கத்தரிக்காய், வெண்டை, முருங்கைக்காய் எல்லாம் அந்நேரமும் நன்றாகவே இருக்கும்.

பாரம் ஏற்றும் முறை: கனமானது கேரியரின் நடுவில், தாழ்வாக. பை ஹேண்டில்பாரில் தொங்கக் கூடாது. திரும்பும்போது அது ஆடி, முன் சக்கரக் கம்பியில் மாட்டும். தக்காளி, திராட்சை போன்றவை முன் கூடையில், அடியில் துணி விரித்து. முட்டை எதிலும் வேண்டாம். முட்டையைத் தெருக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டஜன் முட்டையை வெண்டைக்காய் மேல் பத்திரமாக வைத்து எடுத்துவந்தவள் சொல்கிறேன், அன்று முழுக்க வெண்டைக்காயைக் கழுவினேன்.

வழியில் மாவு மில். காயவைத்த மிளகாய், மல்லி, சாமான்களைத் தூக்குவாளியில் முதல் நாளே கொடுத்துவைத்தால் சனி காலை எடுத்துக்கொள்ளலாம். அரைத்த பொடி சூடாக இருக்கும். மூடியை இறுக்காமல் கொண்டுவந்து, வீட்டில் தாளில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும்.

பத்து மணிக்குள் வீடு. குளித்து, மோர்ச்சோறு சாப்பிட்டு, நான்கு மணி வரை தூங்குங்கள். மதுரையில் மத்தியானம் வெளியே சைக்கிள் எடுப்பவர்களுக்கு நான் யோசனை எதுவும் சொல்லப்போவதில்லை.

சனி மாலை: டவுன்

ஐந்து மணிக்கு எல்லீஸ் நகர் மேம்பாலம் ஏறி இறங்கினால் பெரியார் பஸ் நிலையம். பாலம் ஏற முடியாவிட்டால் தள்ளலாம்.

டவுனில் வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு: மீனாட்சி கோயில்தான் நடு. கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை, அதைச் சுற்றி ஆவணி மூலம், அதைச் சுற்றி மாசி, கடைசியாக வெளி வீதி. நான்கு திசைக்கும் ஒவ்வொன்று. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைப் பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் வீதிப் பெயர்களாக இன்னும் இருக்கிறார்கள். விளக்குத்தூண் அந்த பிளாக்பர்ன் நினைவுக்கு வைத்தது. சித்திரை வீதிகளில் வண்டிகளை விடமாட்டார்கள், ஆகவே சைக்கிளோடு மாசி வீதிச் சுற்று போதும். ஒருவழிப் பாதை குறுக்கிட்டால் இறங்கி உருட்டுங்கள். உருட்டிக்கொண்டு போனால் நாமும் பாதசாரிதான், சைக்கிளுக்கு இதைவிடப் பெரிய வசதி டவுனில் எந்த வண்டிக்கும் கிடையாது.

எங்கள் வரிசை மேற்கில் தொடங்கி தெற்கு, கிழக்கு, வடக்கு என்று போகிறது. கோயிலை இடம்வருகிறோமே என்று என் மாமியார் முதலில் முகம் சுளித்தார். தேர் சுற்றும் திசையில் போனால் ஆரம்பத்திலேயே கீழமாசி வீதி வந்து, புளியும் வெல்லமும் கூடவே ஊர்வலம் வரும் என்று விளக்கினேன். "சாமி கோவிச்சுக்காது, ஆனா பின்னாடி ஒரு நாளைக்கு ஒழுங்காச் சுத்திட்டு வாங்க" என்றார். அதையும் செய்துவிட்டோம்.

முதலில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மிக்ஸி ஜார். அடியில் ஒழுகினால் பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும். புஷ்ஷை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், புது ஜார் வேண்டாம். பழைய பிளேடை வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கொடுத்துவிட்டுத் தெற்கு மாசி வீதி வழியாக விளக்குத்தூண்.

இங்கே ஜிகர்தண்டா, சாப்பாட்டுக்கு முன்னால். பலர் இரவுச் சாப்பாடு முடிந்து வருகிறார்கள், அது தவறு. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிப் பொங்கிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இவ்வளவையும் கறி தோசைக்குப் பிறகு வயிறு ஏற்காது. ஆறரை மணிக்கு, தொண்டை காய்ந்திருக்கும்போது குடித்தால்தான் பிசின் தொண்டையில் வழுக்கி இறங்குவது தெரியும். இருவருக்கு ஒரு பெரியது, இரண்டு கரண்டி. நான் பிசினையும் அவர் ஐஸ்கிரீமையும் எடுத்துக்கொள்வோம், இதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

அடுத்து தையல். முன்பு புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே சிற்பங்களின் காலடியில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ரவிக்கை வாங்கும்போது கடையிலேயே கொக்கியை மாட்டிப் பாருங்கள், கைத்துளையைப் பழைய ரவிக்கையோடு வைத்து அளந்து பாருங்கள். நான் கொடுத்திருந்த ஒரு கடையில் மூன்று வாரம் "நாளைக்கு" என்றார்கள். நான்காம் வாரம் கிடைத்தது வேறு யாருடைய அளவுக்கோ தைத்தது.

கடைசியில் கீழமாசி வீதி. புளி, வெல்லம், துவரம்பருப்பு, சீரகம். புளியில் கொட்டை, ஓடு எவ்வளவு என்று ஒரு சுளையைப் பிய்த்துப் பாருங்கள். வெல்லம் ரொம்ப மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் வேண்டாம், கொஞ்சம் கறுத்ததே நல்லது. இருவருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியது இரண்டு கேரியரில் அடங்கும். அதற்கு மேல் என்றால் ஆட்டோ.

அங்கிருந்து வடக்கே சிம்மக்கல், கறி தோசைக்கு. கல்லில் தடிமனாக மாவு ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, மிளகுக் காரத்தோடு வதக்கிய கொத்துக்கறியை அள்ளிப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். கறி கல்லில் படும்போது வரும் சத்தத்துக்கே பாதிப் பசி அடங்கும். ஒன்றை இருவர் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு சாதா தோசை போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும். ஆளுக்கொன்று சொன்னால் மேம்பாலத்தில் தள்ளுவீர்கள். மூட்டைகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், பெஞ்சுக்கடியில் வைத்துக்கொள்ளலாம். சைவக்காரர்களுக்கு மாசி வீதிகளைச் சுற்றி முள்முருங்கை வடை தேடினால் கிடைக்கும். சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைப்பக்குவம்.

கிளம்பும் முன் இரண்டு முழம் மல்லி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்நேரம் மொட்டாக இருப்பதைக் கேட்டு வாங்கினால் வீடு போய்ச் சேரும்போது விரியும். இலைப் பொட்டலத்தை முன் கூடையில் வையுங்கள். புளிப்பைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

ஞாயிறு: தெப்பக்குளம், கறிக்கடை

ஞாயிறு குறைவாகப் போதும். காலை ஆறு மணிக்குத் தெற்கு வெளி வீதி, காமராஜர் சாலை வழியாக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு வழிக்கு ஆறேழு கிலோமீட்டர். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் குளமானது என்பார்கள். தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணி விநாயகராம். விநாயகர் சதுர்த்திக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை அவருக்கு. வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வருகிறது. தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் மைய மண்டபம் இரண்டாகத் தெரியும். குளத்தைச் சுற்றி நடப்பவர்கள் கூட்டம் அதிகம். மூன்று சுற்று மெதுவாக, பெல் அடிக்காமல்.

கீழடி அருங்காட்சியகம் இங்கிருந்து சிலைமான் வழியாகக் கிட்டத்தில்தான் இருக்கிறது, சைக்கிளிலேயே போய்விடலாமே என்று தோன்றும். நாங்களும் போனோம். 2023 மார்ச்சில் திறந்த அந்த இடம் நிதானமாக இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டியது. காலை பத்துக்குத்தான் கதவு திறப்பார்கள். பார்த்து முடித்துத் திரும்பும்போது தார் ரோடு கொதிக்கும். பஸ்ஸில் போய் வாருங்கள்.

திரும்பும் வழியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய். ஒரு டம்ளர் குடித்தால் காலைப் பலகாரமே வேண்டாம். சுக்கு காட்டமாக இருக்கும் கடைதான் நல்ல கடை.

பிறகு கறிக்கடை வரிசை. ஞாயிறு காலை எட்டரைக்கு முன்னால் போனால் தொடைக்கறி, அப்புறம் போனால் கிடைப்பதுதான் கறி. மூடி போட்ட தூக்குவாளி கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பை கேரியரில் கிழிந்து வழியெல்லாம் சொட்டும், நாய்களும் பின்னால் வரும். மத்தியானச் சமையல் எங்கள் வீட்டில் அவர் வேலை. நான் வெங்காயம் உரித்துக் கொடுப்பதோடு சரி. அந்த ஒப்பந்தமும் வெள்ளிக்கிழமைச் சீட்டிலேயே எழுதப்பட்டுவிடும்.

மாலையில் செயினைத் துடைத்து, துணிப்பைகளை உதறி மடித்து, சீட்டை எடுத்துப் பார்த்தோம். ஐந்துக்கு டிக். மிக்ஸி ஜாரை வாங்கச் சனிக்கிழமையே திரும்பப் போனபோது, "புஷ் ஸ்டாக் இல்லக்கா, அடுத்த வாரம் வாங்க" என்றார் கடைத் தம்பி. காலண்டரில் புதுத்தாள் கிழித்து முதல் வரியாக அதை எழுதிவிட்டு, சட்னியை அம்மியில் அரைத்தேன்.